ஏடிஹெச்டி பரிசோதனைக்குப் போகலாமா, வேண்டாமா? திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

நான் மருத்துவர் இல்லை. படிப்பில் சிரமப்படும் பிள்ளைகளோடு வேலை செய்யும் சிறப்புக் கல்வி ஆசிரியர். பெற்றோர் என்னிடம் வருவது பிள்ளைக்காக. ஆனால் கிளம்பும்போது வாசலில் நின்று, "மேடம், எனக்கும் இது இருக்குமோ?" என்று கேட்பவர்கள் வருடா வருடம் கூடிக்கொண்டே போகிறார்கள். சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். யாருக்கு ஏடிஹெச்டி (ADHD, கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறு) இருக்கிறது என்று இதைப் படித்து முடிவு செய்ய முடியாது. பரிசோதனைக்குப் போவதா என்று முடிவெடுக்க இது உதவும்.

ஏடிஹெச்டின்னா என்னன்னு சுருக்கமா சொல்லுங்க, எனக்கு அடிப்படையே தெரியாது.

கவனத்தை வேண்டிய இடத்தில் வைப்பது, ஆரம்பித்ததை முடிப்பது, நேரத்தைக் கணிப்பது, கையையும் வாயையும் ஒரு நொடி நிறுத்தி யோசிப்பது. மூளையில் இந்த வேலைகளைப் பார்க்கும் அமைப்பு சிறு வயதிலிருந்தே வேறு விதமாக வளர்வதால் வரும் நிலை இது. சிலருக்குக் கவனக்குறைவு மட்டும் தூக்கலாக இருக்கும். சிலருக்குத் துறுதுறுப்பும் அவசரமும் தூக்கலாக இருக்கும். பலருக்கு இரண்டும் கலந்திருக்கும்.

உலக அளவில் குழந்தைகளில் சுமார் 5 சதவீதம், பெரியவர்களில் சுமார் 2.5 சதவீதம் பேருக்கு இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. அப்படியானால் நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் ஒன்றிரண்டு பிள்ளைகள். அறிவுக் குறைவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எங்க காலத்துல இதெல்லாம் ஏது? இப்ப வந்த வியாதிதானே?

பெயர்தான் புதிது. ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798-லேயே கவனம் நிலைக்காத நிலையைப் பற்றி எழுதியிருக்கிறார். 1902-ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், அறிவு இருந்தும் தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாத பிள்ளைகளைப் பற்றி உரையாற்றினார். ஏடிஹெச்டி என்ற பெயர் 1987-ல் வந்தது.

நம் ஊரிலும் அந்தப் பிள்ளைகள் இருந்தார்கள். "வாலு", "சோம்பேறி", "மண்டைக்குள்ள ஒண்ணும் ஏறாது" என்று சொல்லி உட்கார வைத்தோம். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்பினோம். அவர்களில் எத்தனை பேருக்கு இது இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. அது எனக்கு இன்னும் வருத்தம் தரும் விஷயம்.

செல்லம் குடுத்து நாங்கதான் கெடுத்துட்டோமா? ஃபோன், சாக்லேட்னாலயா?

இல்லை. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் பலவும், இது யாருக்கு வரும் என்பதில் முக்கால்வாசிப் பங்கு மரபணுவுக்கு என்றுதான் காட்டுகின்றன. குறைமாதப் பிரசவம், பிறக்கும்போது மிகக் குறைந்த எடை போன்றவையும் வாய்ப்பைக் கூட்டும். சர்க்கரை விஷயத்தைத் தனியாகவே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 1994-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், உணவில் சர்க்கரை எது, செயற்கை இனிப்பு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. பிள்ளைகளின் நடத்தையில் வித்தியாசம் தெரியவில்லை.

ராத்திரி பதினொரு மணி வரை ஃபோன் பார்க்கும் பிள்ளைக்கு மறுநாள் கவனம் நிற்காது என்பது உண்மைதான். அது தூக்கக் கெடுதல். ஏற்கெனவே ஏடிஹெச்டி இருந்தால் இன்னும் மோசமாகும். வளர்ப்பால் இது வராது, ஆனால் வளர்ப்பால் பிள்ளையின் நாள் எளிதாகும்.

என்ன டெஸ்ட் எடுப்பாங்க? ரத்தமா, ஸ்கேனா?

ஏடிஹெச்டியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை இல்லை, ஸ்கேன் இல்லை. "மூளை மேப்பிங் பண்ணிச் சொல்லிடறோம்" என்று யாராவது பெரிய தொகை கேட்டால் வெளியே வந்துவிடுங்கள். கணினியில் பொத்தான் அழுத்தும் கவனச் சோதனைகள் சில இடங்களில் உண்டு. அவை துணைத் தகவல்தான், அதை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்லக் கூடாது.

உண்மையான பரிசோதனை என்பது நீளமான பேச்சு. பிறந்தது முதல் இன்று வரை கேட்பார்கள். பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தனித்தனி கேள்வித்தாள் தருவார்கள். வேண்டுமானால் அறிவுத்திறன், கற்றல் குறைபாடு சோதனைகள் சேரும். டிஎஸ்எம்-5 என்ற மருத்துவக் கையேட்டில் கவனக்குறைவுக்கு ஒன்பது, துறுதுறுப்பு, அவசரத்துக்கு ஒன்பது என இரண்டு பட்டியல்கள் உண்டு. ஏதாவது ஒரு பட்டியலில் குறைந்தது ஆறு, 17 வயதோ அதற்கு மேலோ என்றால் ஐந்து, பொருந்த வேண்டும்.

அது மட்டும் போதாது. அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே சில தெரிந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி, வேலை என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். வேறொரு காரணத்தால் விளக்க முடியாததாக இருக்க வேண்டும். இந்த ஐந்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல இடங்களில் இதற்கே திரும்பி வருவேன்.

யார்கிட்ட போறது? சைக்கியாட்ரிஸ்ட்டா, சைக்காலஜிஸ்ட்டா?

மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். அவரால் உறுதி செய்யவும் முடியும், மருந்து எழுதவும் முடியும். மருத்துவ உளவியலாளர் சோதனைகள் செய்து அறிக்கை தருவார், ஆலோசனை தருவார், மருந்து எழுத மாட்டார். அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள், பதிவு எண் கேட்பதில் தப்பே இல்லை. குழந்தை என்றால் வளர்ச்சி நிலை பார்க்கும் குழந்தை நல மருத்துவரிடமிருந்தும் ஆரம்பிக்கலாம்.

பெரியவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. சில மருத்துவர்கள் இதைக் குழந்தைகளுக்கான விஷயமாக மட்டுமே பார்த்துப் பழகியவர்கள். நேரம் வாங்கும்போதே "பெரியவங்களுக்கு ஏடிஹெச்டி பாப்பீங்களா?" என்று கேட்டுவிடுங்கள், ஒரு நாள் லீவு மிச்சமாகும்.

ரீல்ஸ்ல சொல்றது அத்தனையும் எனக்குப் பொருந்துது. அப்ப எனக்கு இருக்குதானே?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சாவியைத் தேடுவது, பாதியில் வேலையை விடுவது, பேச்சின் நடுவே மனம் வேறெங்கோ போவது எல்லோருக்கும் எப்போதாவது நடக்கும். ஒரு நிமிட வீடியோவில் "எப்போதிலிருந்து, எவ்வளவு அடிக்கடி, அதனால் என்ன ஆச்சு" என்ற மூன்று கேள்விக்கும் இடமில்லை.

இணையத்தில் கிடைக்கும் கேள்வித்தாள்களில் ஏஎஸ்ஆர்எஸ் என்பது உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கப்பட்டது. அதன் முதல் ஆறு கேள்விகள் சல்லடை மாதிரி. மேலே தங்கினால் மருத்துவரைப் பாருங்கள் என்றுதான் பொருள், இருக்கிறது என்று பொருள் இல்லை. அதே சமயம், ரீல்ஸ் பார்த்து வந்த சந்தேகம் என்பதற்காகக் கூச்சப்பட வேண்டாம். சந்தேகம் எங்கிருந்து வந்தது என்பது முக்கியமே இல்லை.

எல்லாருக்கும்தான் மறதி இருக்கு. எந்த அளவுக்குப் போனா டாக்டர்கிட்ட போகணும்?

என்னைக் கேட்டால் முழுப் பக்கமும் இந்த ஒரு கேள்விக்காகத்தான். எத்தனை அறிகுறி பொருந்துகிறது என்று எண்ணாதீர்கள், அதனால் என்ன இழந்தீர்கள் என்று எழுதிப் பாருங்கள்.

பெரியவர்களிடம் நான் இப்படிக் கேட்பேன். வங்கியில் பணம் இருந்தும் கரண்ட் பில் கட்டாமல் ஃபியூஸ் பிடுங்கியிருக்கிறார்களா? ஒரு தடவையா, பல தடவையா? வண்டி இன்சூரன்ஸ் முடிந்தது போலீஸ் பிடித்த பிறகுதான் தெரிந்ததா? பிடித்த வேலையையே சின்னச் சின்னத் தவறுகளால் விட வேண்டி வந்ததா? வீட்டுக்காரரோ மனைவியோ "நான் சொல்றது எதுவும் உன் காதுல விழறதே இல்ல" என்று எத்தனை வருடமாகச் சொல்கிறார்? மற்றவர் ஒரு மணி நேரத்தில் முடிப்பதை முடிக்க நீங்கள் ராத்திரி உட்கார்ந்து, அதை யாருக்கும் தெரியாமல் மறைக்கிறீர்களா?

பிள்ளை என்றால் நோட்டைத் திறந்து பாருங்கள். ஒரு பக்கத்தில் முதல் நான்கு வரி முத்து முத்தாக இருக்கும், ஐந்தாவது வரியில் எழுத்து சரியத் தொடங்கும், கடைசிக் கேள்வி பாதியில் நிற்கும். கூட்டல் குறியைப் பார்க்காமல் கழித்திருப்பான். கேட்டால் வாயால் சரியாகச் சொல்வான். இது ஒரு நாள் என்றால் விட்டுவிடலாம். வருடம் முழுக்க, எல்லாப் பாடத்திலும், திட்டினாலும் கொஞ்சினாலும் இதேதான் என்றால் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இழப்பு பெரிதாக இல்லை, சமாளிக்க முடிகிறது என்றால் அவசரமில்லை. இழப்பு திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வந்து, முயற்சி செய்தும் மாறவில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

டீச்சர் செக் பண்ணச் சொல்றாங்க. வீட்ல அவன் நல்லாத்தான் இருக்கான். யார் சொல்றத நம்புறது?

இருவரையும். வீட்டில் அம்மா பக்கத்திலேயே நிற்கிறார், விளையாட இடம் இருக்கிறது, நாற்பது பேர் இல்லை. அதனால் தெரியாமல் இருக்கலாம். வகுப்பில் நாற்பது நிமிடம் அசையாமல் உட்காரச் சொல்கிறோம், அங்கே தெரியும். ஆனால் பள்ளியில் மட்டும்தான் பிரச்சினை, வேறெங்குமே இல்லை என்றால், இரண்டு இடங்களில் தெரிய வேண்டும் என்று மேலே சொன்ன நிபந்தனை நிறைவேறவில்லை. அப்போது கற்றல் குறைபாடு, கேலி செய்யும் பிள்ளைகள், பார்வைக் கோளாறு, ஒரு ஆசிரியரிடம் பயம் இவற்றைத் தேட வேண்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். பிள்ளையின் பிறந்த மாதம் என்ன? வகுப்பிலேயே வயது குறைந்த பிள்ளைகளுக்கு ஏடிஹெச்டி என்று முத்திரை விழும் வாய்ப்பு கூடுதல் என்று பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். ஒரு வருடம் மூத்த பிள்ளையோடு ஒப்பிட்டால் சின்னவன் துறுதுறுவென்றுதான் தெரிவான். சீக்கிரமே எல்கேஜியில் சேர்த்திருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மூணு மணி நேரம் அசையாம கேம் ஆடுறான். அவனுக்குப் போய் கவனம் இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?

கவனம் இல்லாமல் இல்லை. எங்கே, எவ்வளவு நேரம் வைப்பது என்ற பிடி அவன் கையில் இல்லை. கேமில் நொடிக்கு நொடி பரிசு, சத்தம், புது நிலை. வாய்ப்பாட்டில் அப்படி எதுவும் இல்லை. பிடித்ததில் மூழ்கி, சாப்பிடக்கூட எழாமல் இருப்பது ஏடிஹெச்டி உள்ளவர்களிடம் சகஜம். கேம் ஆடுகிறான் என்பது இருக்கிறது என்பதற்கும் சாட்சி இல்லை, இல்லை என்பதற்கும் சாட்சி இல்லை. பிடிக்காத, ஆனால் செய்தே ஆக வேண்டிய வேலையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

என் பொண்ணு அமைதி. ஜன்னலையே பார்த்துட்டு உக்காந்திருப்பா. இவளுக்கும் இருக்குமா?

இருக்கலாம். பெண் பிள்ளைகள் விஷயத்தில்தான் நாம் அதிகம் தவறவிடுகிறோம். ஓடுகிற, அடிக்கிற பையனைப் பற்றிப் பள்ளி உடனே கூப்பிட்டுச் சொல்லும். யாருக்கும் தொந்தரவு தராமல் கனவு காணும் பெண்ணைப் பற்றி ரிப்போர்ட் கார்டில் "இன்னும் கவனம் தேவை" என்று எழுதுவதோடு சரி.

அவள் பிளஸ் டூ வரை அம்மாவின் மேற்பார்வையில் ஓட்டிவிடுவாள். கல்லூரி விடுதியிலோ, கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வீட்டையே தலையில் தாங்கும்போதோ ஒரேயடியாகச் சரியும். அப்போது பதற்றம், மனச்சோர்வு என்று மட்டும் சிகிச்சை நடக்கும், அடியில் இருப்பது தெரியாது. முப்பது வயதில், குழந்தை பிறந்த பிறகு முதன்முதலாக உறுதியான பெண்களை எனக்குத் தெரியும். "நான் சரியில்லாத மருமகள்னே நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்று அவர்களில் ஒருவர் சொன்னார்.

நான் நல்லா மார்க் வாங்குனவன். எனக்கு எப்படி இருக்கும்?

மதிப்பெண் நல்ல மறைப்பு. புத்திசாலிப் பிள்ளை கடைசி ராத்திரிப் படிப்பிலேயே தப்பித்துவிடும். டியூஷன், திட்டும் அப்பா, தினமும் தேர்வு வைக்கும் பள்ளி எல்லாம் வெளியிலிருந்து தாங்கிப் பிடிக்கும். வேலைக்குப் போய் யாரும் பின்னால் நிற்காதபோதுதான் அது விழும். என்ன மார்க் என்று மட்டும் பார்க்காமல், அந்த மார்க்கை எடுக்க என்ன பாடுபட்டீர்கள் என்று யோசியுங்கள்.

பையனுக்காகப் போனோம். டாக்டர் கேட்ட கேள்வி எல்லாம் எனக்கே பொருந்துச்சு. நானும் பார்க்கணுமா?

ரொம்ப சகஜம். மரபணுவின் பங்கு பற்றி மேலே சொன்னது நினைவிருக்கட்டும். பிள்ளைக்கு உறுதியான பிறகு பெற்றோரில் ஒருவருக்கும் உறுதியாவது அடிக்கடி நடக்கிறது.

நீங்களும் பார்ப்பதில் பிள்ளைக்கு நேரடி லாபம் உண்டு. இந்தப் பிள்ளைக்கு வேண்டியது ஒழுங்கான நேரம், எழுதி ஒட்டிய பட்டியல், பொறுமை. அதைக் கொடுக்க வேண்டிய அப்பாவுக்கே அது கைவரவில்லை என்றால், இருவரும் சேர்ந்து தினம் சண்டைதான்.

வேற ஏதாவது நோயா இருந்தா? ஏடிஹெச்டின்னு தப்பா சொல்லிட மாட்டாங்களா?

நல்ல மருத்துவர் முதலில் வேறு காரணங்களைத்தான் தேடுவார். ரத்தசோகை, தைராய்டு, சரியாகத் தூங்காமை, பதற்றம், மனச்சோர்வு, பைபோலார் (மனநிலை உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் மாறும் நோய்), மது. பிள்ளைகளுக்கு காது, கண், மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதை வீங்கி ராத்திரி குறட்டை விடுவது, சில நொடி வெறித்துப் பார்த்து நிற்கும் ஒருவகை வலிப்பு. இவை அத்தனையும் கவனக்குறைவு போலவே தெரியும். ஏடிஹெச்டிக்கு ரத்தப் பரிசோதனை இல்லை என்றேன், ஆனாலும் மருத்துவர் ரத்தம் எடுக்கச் சொன்னால் இதற்காகத்தான்.

எப்போது ஆரம்பித்தது என்பது இங்கே பெரிய துப்பு. போன வருடம் வரை நன்றாக இருந்து, வேலை மாறிய பிறகோ ஒருவரை இழந்த பிறகோ கவனம் போனால் அது ஏடிஹெச்டியாக இருக்க வாய்ப்புக் குறைவு. அப்போதும் மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும், வேறு காரணத்துக்காக.

சிக்கல் என்னவென்றால், ஒன்று இருந்தால் மற்றது இருக்காது என்பதும் இல்லை. ஏடிஹெச்டியோடு பதற்றமோ கற்றல் குறைபாடோ சேர்ந்தே வருவது அதிகம்.

பத்து நிமிஷத்துல "ஏடிஹெச்டிதான்"னு சொல்லி மாத்திரை எழுதிட்டாங்க. நம்பலாமா?

சிறு வயது பற்றிக் கேட்டார்களா? பள்ளியிலோ வீட்டிலோ இன்னொருவரிடம் கேட்டார்களா? தூக்கம், தைராய்டு, மனநிலை பற்றிக் கேட்டார்களா? மூன்றுக்கும் இல்லை என்றால் இன்னொரு மருத்துவரிடம் காட்டுங்கள். அதேபோல, "நல்ல வேலையில இருக்கீங்க, உங்களுக்கெல்லாம் இருக்காது" என்று ஒரே வாக்கியத்தில் அனுப்பிவிட்டாலும் அதையே செய்யுங்கள்.

எனக்கு 45 வயசு. அம்மா அப்பா இல்ல. சின்ன வயசு பத்திச் சொல்ல யாருமில்ல. இனிமே தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?

சாட்சிக்கு அண்ணன், அக்கா, பள்ளி நண்பர் யாராவது போதும். பழைய ராங்க் கார்டு அலமாரியில் இருந்தால் மதிப்பெண்ணை விடுங்கள், ஆசிரியர் குறிப்பைப் பாருங்கள். எதுவுமே இல்லாவிட்டாலும் உங்கள் நினைவிலிருந்தே விவரமாகக் கேட்டு எடுக்கும் முறை மருத்துவர்களிடம் உண்டு.

தெரிந்து என்ன ஆகும்? சிகிச்சை 45-லும் வேலை செய்யும். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி இந்தச் சிரமங்கள் கூடுவதாகப் பலர் சொல்கிறார்கள், அந்த வயதில் பார்ப்பது வீண் இல்லை. அதைவிட, நாற்பது வருடமாகத் தன்னைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்ட ஒருவர் அதை நிறுத்துவதே சின்ன விஷயமா?

டெஸ்ட்டுக்குப் போனாலே மாத்திரையில மாட்டிவிட்டுடுவாங்கன்னு பயமா இருக்கு. அடிமையாயிட மாட்டோமா?

பரிசோதனை வேறு, சிகிச்சை வேறு. உறுதியான பிறகும் மருந்து வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆறு வயதுக்குக் கீழ் என்றால் முதலில் பெற்றோருக்குத்தான் பயிற்சி தர வேண்டும் என்கின்றன மருத்துவ வழிகாட்டுதல்கள்.

இங்கே அதிகம் தருவது மெத்தில்ஃபெனிடேட். ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்ய ஆரம்பிக்கும், அன்றே உடலை விட்டு இறங்கும். இன்னொன்று அட்டமாக்செடின், அதன் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். பசி குறைவது, தூக்கம் தள்ளிப்போவது, வயிற்றுவலி, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் கொஞ்சம் கூடுவது உண்டு. அதனால்தான் எடை, உயரம், ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே அளவை மாற்றுவார்கள். இதய நோய் வீட்டில் யாருக்காவது இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மெத்தில்ஃபெனிடேட் தவறாகப் பயன்படுத்தக்கூடிய மருந்து என்பதால் இந்தியச் சட்டம் அதை எக்ஸ் அட்டவணையில் வைத்திருக்கிறது. சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றை மருந்துக்கடைக்காரர் இரண்டு வருடம் பத்திரப்படுத்த வேண்டும். எல்லாக் கடையிலும் கிடைக்காது. மருத்துவர் சொன்ன அளவில் எடுப்பவர்களுக்குப் பின்னாளில் போதைப் பழக்கம் கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. தேர்வு நேரத்தில் நண்பனிடம் வாங்கிப் போடுவது ஆபத்து, சட்ட விரோதமும்கூட.

ரெக்கார்டுல ஏறிடுமா? வேலை, கல்யாணம், வெளிநாடுன்னு நாளைக்குப் பிரச்சினை வந்தா?

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. மருத்துவர் உங்கள் முதலாளிக்கோ கல்லூரிக்கோ தானாகச் சொல்ல முடியாது. அலுவலகத்தில் சொல்வதா என்பது உங்கள் முடிவு. அவசரப்பட்டு அறிவிக்க வேண்டாம் என்பது என் கருத்து. முதலில் நெருங்கிய ஒருவர் போதும்.

சில இடங்களில் உண்மையிலேயே முன்யோசனை வேண்டும். விமானி, ராணுவம் போல மருத்துவத் தகுதி பார்க்கும் வேலைகளுக்குப் போக நினைப்பவர்கள் அந்த விதிகளை முன்பே விசாரியுங்கள். போட்டி விளையாட்டில் இருப்பவர்களுக்கு மெத்தில்ஃபெனிடேட் போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்ட மருந்து, முறையாக விலக்கு வாங்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளுக்கு இதைக் கையில் கொண்டுபோக முன் அனுமதி தேவை. துபாய்க்கு வேலைக்குப் போகிறவர்கள் இதை ஏஜெண்டிடம் விடாமல் தாங்களே பார்க்க வேண்டும்.

கல்யாணம் பற்றி? மறைத்துக் கட்டி வைப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். ஆனால் ஒன்று, பரிசோதனை செய்யாவிட்டால் இருப்பது இல்லாமல் போய்விடாது. பெயர் மட்டும்தான் தெரியாமல் இருக்கும், சண்டை அதேதான்.

ரிப்போர்ட் இருந்தா எக்ஸாம்ல எக்ஸ்ட்ரா டைம் கிடைக்குமா?

இதற்காக மட்டும் பரிசோதனைக்கு வருகிறவர்கள் உண்டு, அதனால் தெளிவாகச் சொல்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடு இருக்கிறது, ஆட்டிசம் இருக்கிறது. ஏடிஹெச்டி தனியாக இல்லை. ஆகவே ஏடிஹெச்டி அறிக்கை ஒன்றை வைத்தே பொதுத் தேர்வுச் சலுகை வந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறதா என்று கட்டாயம் சோதியுங்கள், இருந்தால் அந்த வழியில் கூடுதல் நேரம், பிள்ளை சொல்லச் சொல்ல எழுதும் எழுத்தர் கேட்கலாம். பத்தாம் வகுப்பு டிசம்பரில் ஓடி வராதீர்கள், எட்டாம் வகுப்பிலேயே ஆரம்பியுங்கள்.

வகுப்புக்குள் செய்வதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. முன் வரிசையில் உட்கார வைப்பது, பெரிய வேலையைச் சின்னத் துண்டுகளாகக் கொடுப்பது, நடுவில் எழுந்து கரும்பலகை அழிக்கச் சொல்வது. ஒரு நல்ல ஆசிரியர் அறிக்கை இல்லாமலேயே செய்வார்.

தனியார்ல ரொம்பச் செலவாகுமே. காசில்லாதவங்க என்ன பண்றது?

மாவட்டத் தலைமை மருத்துவமனை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 18 வயது வரை தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன, அவை பார்க்கும் குறைபாடுகளில் ஏடிஹெச்டியும் ஒன்று. சென்னைப் பக்கம் என்றால் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம். சிக்கலான நிலை என்றால் புதுச்சேரி ஜிப்மர், பெங்களூரு நிம்ஹான்ஸ். கூட்டம் இருக்கும், இரண்டு மூன்று முறை போக வேண்டியிருக்கும். காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டுப் போடுங்கள்.

போறதுக்கு முன்னாடி என்ன தயார் பண்ணிக்கணும்?

மேலே சொன்ன இழப்புகளை ஒரு தாளில் எழுதுங்கள், எந்த வருடம், என்ன நடந்தது என்று. மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் மறந்துபோகும், அதுதானே பிரச்சினையே. பிள்ளை என்றால் இந்த வருட நோட்டு இரண்டு, பழைய ரிப்போர்ட் கார்டுகள், ஆசிரியரின் கடிதம். இப்போது எடுக்கும் மருந்துகள், தூங்கும் நேரம், காபி, மது எதையும் குறைத்துச் சொல்ல வேண்டாம். உங்களைத் தினமும் பார்க்கும் ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

பிள்ளையிடம் "நீ அடங்கலைன்னா டாக்டர் ஊசி போடுவார்" என்று சொல்லாதீர்கள். "உனக்கு எது கஷ்டமா இருக்குன்னு கேட்கப் போறாங்க" என்றால் போதும்.

எல்லாம் பண்ணி, "இல்ல"ன்னு சொல்லிட்டா? அவமானமா இருக்காதா?

இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வியை அங்கேயே கேளுங்கள்: "அப்போ இது எதனால?" உங்கள் சிரமம் நிஜம், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. குறட்டையாகவோ மனச்சோர்வாகவோ ரத்தசோகையாகவோ இருந்தால் அதற்கும் சிகிச்சை உண்டு. பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு என்று தெரியவந்தால் பாடம் நடத்தும் விதத்தையே மாற்றலாம்.

இப்போதைக்கு வேண்டாம்னு தள்ளிப்போட்டா தப்பா?

தப்பில்லை. பெரிய இழப்பு இல்லாதவர் ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாம். அதுவரை தூக்கத்தைச் சரி செய்யுங்கள், பில்களைத் தானியங்கிக் கட்டணத்தில் போடுங்கள், சாவிக்கு ஒரே ஆணி, ஒரு வேலைக்கு ஒரு அலாரம், கூடவே உட்கார்ந்து வேலை பார்க்க ஒருவர். இதற்கெல்லாம் மருத்துவச் சீட்டு வேண்டாம். ஆறு மாதம் கழித்து, எழுதி வைத்த தாளை எடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சிலர் மட்டும் தள்ளிப்போடக் கூடாது. வண்டியில் அடிக்கடி அடிபடுகிறவர்கள், மனதை அடக்கக் குடிக்க ஆரம்பித்தவர்கள், பள்ளிக்கே போக மாட்டேன் என்று நிற்கும் பிள்ளைகள், வேலையோ குடும்பமோ உடையும் நிலையில் இருப்பவர்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஏடிஹெச்டியா இல்லையா என்பதெல்லாம் அப்புறம், இன்றே ஒரு மனநல மருத்துவரையோ பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவையோ பாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.